கேட்டுவிட்டுக் கொட்டு

துறைமுகத்தின் கழிவுப் பிரிவு அதிகாரிக்கு 'அனுமதி' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே ஐயா, முதுகுக்குப் பின்னால் அனுமதி. அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமைதான்.

துறைமுகத்தில் தூர் வாரிய சேற்றையும் ஆலைக் கழிவையும் சேற்றுக் கப்பல் ஏற்றிக்கொண்டு போய், ஆழ்கடலில் குறித்த இடத்தில்தான் கொட்ட வேண்டும். வேறெங்கு கொட்டினாலும் குற்றம். ஆனால் காற்றிலோ அலையிலோ கப்பல் கவிழப் பார்க்கிறது, உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால், கேப்டன் நின்ற இடத்திலேயே கொட்டிவிடலாம். கொட்டிய கையோடு தகவல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முன்கூட்டி யாரையும் கேட்க வேண்டியதில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

நம் அனுமதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. தன்னைக் கேட்காமல் கடலில் ஒரு கூடை சேறு விழுவதாவது! 'கேட்டுவிட்டுக் கொட்டு' என்று தானாக ஒரு சட்டம் போட்டார். வாயால் போட்டாரே தவிர, எழுத்தில் வைக்கவில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்கிற சாமர்த்தியத்துக்கு அவரிடம் குறைச்சலே கிடையாது. ஒரு வயதான கேப்டன் புயலில் அவரைக் கேட்காமல் கொட்டி, ஆட்களையும் கப்பலையும் பத்திரமாகக் கரை சேர்த்தார். அந்த மனிதரைத் தன் அறை வாசலில் நாள் கணக்கில் கால் கடுக்க நிற்க வைத்து, கப்பல் நிஜமாகவே கவிழ்ந்திருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று குடைந்தெடுத்தார். கவிழ்ந்து காட்டினால்தான் நம்புவார் போலும். அதற்கப்புறம் எல்லாக் கேப்டன்களும் வழிக்கு வந்துவிட்டார்கள்.

எல்லோரையும்விட அதிகமாக வழிக்கு வந்தவர் அவருடைய மாப்பிள்ளை. சேற்றுக் கப்பலின் கேப்டன், கெட்டிக்காரர். கடலுக்குப் பயப்படாதவர் மாமனாருக்குப் பயந்தார். வீட்டு மாப்பிள்ளையே கேட்காமல் கொட்டினால் மற்றவன் என்னை மதிப்பானா என்று, சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாமனார் அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தார். பேசாமல் சாப்பிடுங்களேன் என்று மகள்தான் எப்போதாவது அப்பாவை அடக்குவாள்.

அன்று மதியம் காற்று திடீரென்று திரும்பியது. கப்பலில் இருந்த சேறு சரிந்து ஒரே பக்கமாக ஒதுங்கிவிட்டது. அடிக்கதவைத் திறக்கும் விசை மாப்பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்திருந்தால் சேறு இறங்கிக் கப்பல் நிமிர்ந்திருக்கும். அவர் இழுக்கவில்லை, வயர்லெஸை எடுத்தார்.

"மாமா, கப்பல் சாயுது. இங்கயே கொட்டிடட்டுமா?"

அனுமதி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். அறையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை என்றதும் வளைந்துகொடுத்துவிட்டார் என்று நாளைக்கு எவனும் பேசிவிடக் கூடாதே! எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பம்பு போட்டுப் பார்த்தாயிற்றா, திரும்பி வர முடியாதா என்று சாவகாசமாக ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"இருங்க மாப்பிள்ளை. மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

மேலிடம் இருக்கையில் இல்லை. இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். திரும்பி வயர்லெஸில் கூப்பிட்டபோது யாரும் பேசவில்லை.

மீன்பிடிப் படகுக்காரர்கள் தண்ணீரில் கிடந்தவர்களை இழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளை பிழைத்தார். கீழே இருந்த என்ஜின்காரர் மேலே வரவே இல்லை. கொட்டாமல் காத்துவைத்த சேறு மொத்தமும் கப்பலோடு கடலுக்குத்தான் போயிற்று.

விசாரணையில் மாப்பிள்ளையின் லைசென்ஸ் ஊசலாடியது. வேறு தொழில் தெரியாத மனிதர் அவர். ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டார்கள். ஐயாவின் உத்தரவுக்காகக் காத்திருந்தேன், அதுதான் இங்கே பழக்கம் என்றார். அப்படியொரு உத்தரவு தேவையா என்று அனுமதியைக் கேட்டார்கள். பின்வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். நான்தான் இவர்களை அப்படிப் பழக்கினேன் என்று சொன்னால் தீர்ந்தது. மாப்பிள்ளை தப்பித்துவிடுவார், தன் தலை உருளும். அனுமதி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேவையே இல்லைங்க. உயிருக்கு ஆபத்துன்னா கேப்டனே முடிவு பண்ணலாம். சட்டம் தெளிவா இருக்கு."

பாவி மனிதன், அந்தச் சட்டப் பிரிவை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தும் காட்டினார். சட்டம் அறிந்த அதிகாரி என்று பாராட்டிக் குறித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் லைசென்ஸைப் பறித்தார்கள்.

வெளியே வராந்தாவில் மகள் அவரை மறித்தாள். அவள் அழவில்லை.

"இவ்வளவும் தெரிஞ்சிருக்கில்ல? அன்னைக்கு 'என்னைக் கேக்காதே, கொட்டு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தைக்கு விளங்கவைப்பது போலச் சொன்னார்.

"அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லையேம்மா."

எதிர்ப் பெஞ்சில் என்ஜின்காரரின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.