உளுந்து காய்ந்த பிட்ச்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வற்றிக் கிடந்த எங்கள் கண்மாய்க்குள் நாங்கள் பதினோரு பேரும் இருந்தோம். பேரையூரிலிருந்து குட்டியானை வண்டியில் நின்றுகொண்டே வந்த எதிரணிக்காரர்கள் இருந்தார்கள். அம்பயராக நிற்கச் சம்மதித்த என் கல்லூரி சீனியரும் பசுமலையிலிருந்து வந்திருந்தார். வராதவர் ஒருவர்தான். பிட்ச் முழுக்கப் பரப்பிக் கிடந்த உளுந்துச் செடிகளுக்குச் சொந்தக்காரர்.

பேரையூர் கேப்டன் வண்டியை விட்டுக் குதித்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன மாப்ள, கிரவுண்டு இருக்குன்னு போன்ல சொன்னீக. இங்க வெள்ளாமையில்ல நடக்குது?"

போனில் சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், கிளப் ஆரம்பித்த அன்றே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எந்த அணியைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: சொந்த கிரவுண்டு இருக்கா? இருந்தால் கிளப். இல்லாவிட்டால் சும்மா பயலுக. எங்கள் காலனிக்கு அதுவரை யாரும் ஆட வந்ததில்லை. இவர்களும் திரும்பிப் போய்விட்டால் இனி ஒருவரும் வரப்போவதில்லை.

பிட்ச் போட்ட கதையைச் சொல்ல வேண்டும். கீழக்குயில்குடி மலைக்கு மேற்கே இருக்கிற எங்கள் கண்மாய் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ரோலரும் பிட்ச்சில் விரிக்கிற மேட்டும் வாங்க எங்களுக்கு வழியில்லை. எங்களுக்குத் தெரிந்தது களம் போடுவது. எங்கள் அப்பா அம்மாக்கள் ஊரார் களங்களில் கூலிக்குச் செய்த வேலை அது. செம்மண் கொண்டுவந்து கொட்டினோம். தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, சாணி கரைத்து வழவழவென்று மெழுகினோம். அப்படியொரு களத்தை அறுவடைக் காலத்தில் போட்டு வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அள்ளி ஓரமாப் போட்டுட்டு ஆடுவோம்டா" என்றார் பேரையூர் கேப்டன்.

எங்களில் யாரும் அசையவில்லை. களத்தில் காய்கிற தானியத்தைச் சொந்தக்காரர் இல்லாமல் தொட்டால் களவு என்று பேராகிவிடும். எங்கள் தெருக்காரர்கள் தொட்டால் அந்தப் பேர் இன்னும் சீக்கிரம் ஆகும்.

எங்கள் விக்கெட் கீப்பர் பைக்கில் போய் விசாரித்து அவரைக் கூட்டி வந்தான். கரையை ஒட்டி வயல் வைத்திருக்கிற சம்சாரி அவர். வந்தவர் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு போனார்.

"பஞ்சாயத்துல போட்ட களமாக்கும்னு நெனச்சேம்ப்பா. மெழுகுன பக்குவம் அப்பிடி. என்ன, இம்புட்டு ஒடுக்கமா எதுக்குப் போட்டாகன்னுதான் ஒரு ரோசனை. யாரு களம் இது?"

என் அப்பா அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். நான், "எங்க களம்ண்ணே. கிரிக்கெட் ஆடுறதுக்குப் போட்டோம்" என்றேன்.

அவர் குனிந்து ஒரு நெற்றை நசுக்கிப் பார்த்தார். "முறுகக் காஞ்சிருச்சே. இப்ப அள்ளுனா வெடிச்சுப் பாதி மண்ணுக்குத்தான். அடிச்சுத்தான் எடுக்கணும். ஆளுக சாயங்காலம்தான் வாராக."

வண்டி டிரைவர் ஹாரனை அடித்தார். "நிக்கச் சொன்னா நிக்கிறேன். வெயிட்டிங் காசு தரணும்."

"அத நாங்க குடுக்க மாட்டோம்" என்றார் பேரையூர் கேப்டன்.

"நாங்க தாரோம்" என்றான் எங்கள் கேப்டன். அவன் சட்டைப்பையில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். நானும் துணிந்து சொன்னேன்: "நாங்களே அடிச்சுத் தாரோம்ண்ணே."

ஸ்டம்புகளைக் கையில் எடுத்து உளுந்தை அடிக்க ஆரம்பித்தோம். ஆர்வத்தில் ஒருவன் பேட்டை ஓங்க, "டேய், ஹேண்டில் போயிரும்டா, இருக்கிறதே ஒண்ணு!" என்று எங்கள் கேப்டன் அலறினான். கொஞ்ச நேரம் வண்டி நிழலில் நின்று பார்த்த பேரையூர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்களும் காட்டுவேலை தெரிந்தவர்கள்தானே.

"இப்பிடித் தடவிக் குடுத்தா நாளைக்கும் முடியாது மாப்ள. வெலகு" என்று அவர்கள் கேப்டனே ஒரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டார். மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. சம்சாரி வீட்டிலிருந்து வந்த முறங்களால் தூற்றினோம். பந்து பொறுக்குவதுபோல ஓடி ஓடி, சிதறிய மணிகளைப் பொறுக்கினார் அம்பயர்.

குவியலைப் பார்த்த சம்சாரிக்கு மனது குளிர்ந்துவிட்டது. "ஆளுக்கு ஒரு படி கூலி எடுத்துக்கங்கப்பா."

எங்கள் பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கூலி என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அது பொருந்தவில்லை.

"கூலி வேணாம்ண்ணே. களத்து வாடகைன்னு குடுங்க, வாங்கிக்கிறோம்."

"வாடகையா?" அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலடியில் இருந்த தரையைப் பார்த்தார்.

"சரிதான். களம் ஒங்களுதுல்ல" என்று சொல்லி, மரக்காலைக் குமித்து அளந்து எங்கள் துண்டில் கொட்டினார்.

உச்சி வெயிலில் ஆட்டம் தொடங்கியது. சாணி மெழுகிய தரையில் பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாது. அது எங்களுக்குப் பழகிய சங்கதி. சிமென்ட் பிட்ச்சில் ஆடிப் பழகிய பேரையூர் கேப்டன் முதல் பந்திலேயே குச்சி பறிகொடுத்து, "பந்து போடுறீகளா, பாம்பு விடுறீகளாடா?" என்று கேட்டுக்கொண்டே வெளியேறினார். நாங்கள் ஜெயித்தோம். கிளம்பும்போது அவர் என் நம்பரைத் தன் போனில் 'கண்மாய் கிளப்' என்று பதிந்துகொண்டதை எட்டிப் பார்த்தேன். ஜெயித்ததைவிட அது பெரிதாக இருந்தது.

உளுந்தை வீட்டில் இறக்கியபோது அம்மா கேட்டாள், "கூலியா?"

"வாடகைம்மா. நம்ம களத்துக்கு."

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். அந்த உளுந்து மறுநாள் பதினோரு வீட்டுக்கும் வடையாகப் போனது.

வண்டிக் காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "என்னாலதான இம்புட்டு நேரமாச்சு" என்று வண்டி கிளம்பும் முன் சம்சாரி பணத்தை எடுத்து நீட்டினார். எங்கள் கேப்டன் வாங்கவில்லை. "எங்க கிரவுண்டுல ஆன செலவுண்ணே, நாங்கதான் குடுக்கணும்" என்றான். பதினோரு பேரும் பையைத் துழாவிச் சில்லறையும் நோட்டுமாகச் சேர்த்து டிரைவர் கையில் வைத்தோம். அறுநூற்று ஐம்பது ரூபாய்.