வருகிறோம் என்று எழுதாத ஆறு கடிதங்கள்

ஜனவரி 6: தீவுகளின் வரைபடம், 120.
ஜனவரி 9: முதல் கடிதம், தபால்தலை 15.
பிப்ரவரி 11: இரண்டாம் கடிதம், 15.
மார்ச் 3: மூன்றாம் கடிதம், 15. பைனாகுலர் பழுதுபார்க்க, 340.
ஏப்ரல் 2: நான்காம், ஐந்தாம் கடிதங்கள் ஒரே உறையில், எடை கூடியதால் 25.
ஏப்ரல் 24: ஆறாம் கடிதம், 15.

குடும்பத்தோடு ஒரு வாரம் தீவுக்குப் போய்வர இவ்வளவும் செலவாயிற்று. இதில் ஒரு காசுகூடப் பயணத்துக்காக அல்ல என்பது எழுதியவர் கண்ணில் படவில்லை.

அவர் முப்பத்தாறு வருடம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து அளவு எழுதியவர். மற்றவர்கள் முழு எண்ணை எழுதிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். இவர் குழாயடியில் குந்தி, சின்ன முள் நிற்கும்வரை காத்திருந்து தசமத்தையும் எழுதுவார். அலுவலகத்தில் பெயரே 'தசமம்'. அது பாராட்டு என்று ஓய்வு பெறும் நாள்வரை நம்பியிருந்தார்.

தீவுகள் ஐந்து. கடையில்லை, காரில்லை, தொலைபேசியில்லை. பெரிய தீவில் மட்டும் நாலு கட்டில் போட்ட ஒரு விடுதி. வெள்ளிக்கு வெள்ளி படகு, தபாலும் அதில்தான். மே கடைசியில் மகளுக்குக் கொஞ்சம் விடுப்பு இருந்தது. ஜூனில் அவளும் மருமகனும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். நாலு பேரும் ஒன்றாக இருக்க இதை விட்டால் வேறு வாரம் இல்லை.

எனவே அவர் விசாரித்தார். கிணற்றுத் தண்ணீரா, ஊற்றா? மெத்தை எத்தனை அங்குலம்? கொசு உண்டா, உண்டென்றால் எத்தனை மணிக்கு? விடுதிக்காரம்மா பொறுமைசாலி. "கொசுவைக் கேட்டு எழுதுகிறேன்" என்று ஒருமுறை பதில் போட்டார். அவர் அதையும் கோப்பில் சேர்த்து, 'பதில் நிலுவை' என்று குறித்துக்கொண்டார்.

மே ஏழாம் தேதி வரை இடம் உறுதியாகவில்லை. மனைவி கோப்பை எடுத்து, அவர் வைத்திருந்த ஆறு நகல்களையும் படித்தாள்.

"என்னங்க, நாம வர்றோம்னு இதுல எங்க எழுதியிருக்கீங்க?"

"எல்லாம் தெரிஞ்சப்புறம் கடைசியா எழுதலாம்னு..."

"அலை ஓயட்டும், அப்புறம் குளிக்கலாம்னு கரையில நிக்கிற ஆளு நீங்க. நல்லவேளை, நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா தேதி வெச்சாரு. உங்க கையில விட்டிருந்தா இன்னும் பொண்ணு பாத்துட்டிருப்பீங்க."

"விடும்மா, பாவம் அப்பா" என்றாள் மகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மாமா, படகுல எத்தனை ஆணின்னு கேக்க விட்டுட்டீங்களே" என்றான் மருமகன்.

"மூணாவது லெட்டர்லயே கேட்டாச்சு" என்றார் அவர், பெருமையோடு. மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது.

மனைவி அன்றைக்கே ஒரு அட்டை போட்டாள்: 'மே 23 படகில் மூன்று பேர் வருகிறோம். அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.'

பன்னிரண்டாம் தேதி பதில் வந்தது. மூன்று கட்டில் ஒதுக்கியாயிற்று. நாலாவதைப் பறவை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வருகிறேன் என்று யார் முதலில் எழுதுகிறாரோ அவருக்கு.

அவர் காகிதத்தோடு உட்கார்ந்தார். 'நானும் வருகிறேன்.' இரண்டே சொல். முதல் தாளில் கட்டிலின் நீளம் எப்படியோ நுழைந்துவிட்டது; கிழித்தார். இரண்டாவதில் சன்னல் எந்தத் திசை என்று வந்தது, கிழித்தார். மூன்றாவது தாள் சுத்தமாக இருந்தது. உறையை ஒட்டித் தபால்பெட்டி வரை நடந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. உறையின் பின்பக்கம், பொடி எழுத்தில், 'மழை வருமா?' என்று எழுதிப் போட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. தன் ஒரு கேள்வியால் அந்தப் பறவைக்காரர் முந்திக்கொண்டால், மகளை வழியனுப்பும் மனிதராக மட்டுமே மிஞ்சுவோம் என்று பயந்தார். ஒரு வாரமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றார். உறையைக் கணவர் கையிலிருந்து வாங்கிப் பிரித்தது மனைவிதான்.

'நாலாவது கட்டில் உங்களுக்கு. மழையை நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.'

"மழையா? எந்த மழைங்க?"

அவர் உள்ளே போய், கோப்பில் எழுதினார்: கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது, மே 19, திங்கட்கிழமை.