இடுப்புக்குப் போகும் கை

பெரிய கால்பந்து கிளப் கூப்பிட்டுவிட்டது. முதல் பிரிவு அணி, புது ஊர். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பயிற்சியாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் கணக்கு ஆசிரியை, வீட்டுக்காரருக்கும் டீச்சர்தான். டீச்சர் மறுபேச்சு பேசாமல் அட்டைப்பெட்டிகளைக் கீழே இறக்கினார்.

ஆட்டக்காரராக இருந்த காலத்தில் பயிற்சியாளர் பெரிய ஆள் இல்லை. யாரும் குத்திக்காட்டும் முன் அவரே சொல்லிவிடுவார்: பத்து வருடத்தில் போட்ட கோல் இரண்டு, அதில் ஒன்று சொந்த வலைக்குள். மற்றபடி மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில்தான் குடியிருந்தார். வேறொருவர் மனம் உடைந்துபோயிருப்பார். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார்.

பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். களைத்துப்போனவனிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். வாய்தான் அப்படிச் சொல்லும். பந்து வெளியே போன இடைவெளியில் அவன் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். அடுத்த பத்து நிமிடத்தில் அவன் நிற்கும் பக்கமாகத்தான் கோல் விழும்.

இந்த ஒரே கையிருப்பை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடத்தில் ஏழு ஊர்களில் பயிற்சியாளராக இருந்துவிட்டார். சில ஊர்களில் தோளில் தூக்கினார்கள். ஓர் ஊரில் இடைவேளையிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அசரவில்லை. ஒவ்வொரு ஊரிலும் டீச்சர், லீவில் போன யாரோ ஒருவருக்குப் பதிலாகப் பாடம் எடுத்தார். லீவில் போனவர் திரும்பி வந்ததும் வேறு பள்ளிக்கூடம் தேடினார்.

இந்த ஏழாவது ஊரில் அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும் நிலைமை. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால் பிழைக்கலாம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எழுபதாவது நிமிடத்தில் கேப்டனின் கை இடுப்புக்குப் போனது. உடனே அவனை வெளியே எடுத்தார். அரங்கமே ஊளையிட்டது. கிளப் தலைவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"என்ன சார், கேப்டனையே எடுக்கறீங்க? இன்னிக்குத் தோத்தா நீங்களும் வெளியதான்."

"தோத்தா போயிடறேன். இப்பக் கொஞ்சம் நகருங்க, ஆட்டம் மறைக்குது."

கோல் விழவில்லை, அணி பிழைத்தது. கேப்டனே பிறகு வந்து, "முட்டி அரை மணி நேரமா விண்ணு விண்ணுன்னு வலிச்சுது சார், சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டான். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பெரிய கிளப் அழைத்திருந்தது. இதற்காகத்தானே இத்தனை வருட அலைச்சல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்குப் போனைக் கையில் எடுத்தபடி சமையலறைக்குப் போனார். 'சமையலறை' என்று முதல் ஊரில் எழுதிய அதே பெட்டி, பாதித் தட்டுகளோடு திறந்து கிடந்தது. டீச்சர் ஒரு கையில் பெட்டி ஒட்டும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னொரு கை இடுப்பில் இருந்தது.

"களைச்சுட்டியா டீச்சர்?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. டீச்சருக்கு நிரந்தர வேலை தருவதாகப் போன மாதம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அவரும் படித்தார், "ரொம்ப நல்லது" என்றார், மறந்தும் போனார். எத்தனையோ பேருடைய கையைக் கவனித்தவர், இந்தக் கையைப் பார்க்கவே இல்லை. அவமானமாக இருந்தது.

அங்கேயே நின்று போன் செய்தார். "மன்னிக்கணும், என்னால வர முடியாதுங்க."

"ஏன் சார், வேற பெரிய இடம் கூப்பிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. நம்ம ஆளு ஒருத்தங்க பதினெட்டு வருஷமா மாத்தாம ஆடிட்டு இருக்காங்க. நான்தான் கவனிக்கல."

போனை வைத்துவிட்டு டேப்பை வாங்கிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சர் அதில் உட்கார்ந்து, எந்தத் தட்டு எந்த அலமாரிக்கு என்று சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.