முளைக்காத வெங்காயம்

நீளவாக்கில் பிளந்த ஒரு சின்ன வெங்காயம். அதன் நடுவில், அடித்தட்டுக்குச் சற்று மேலே, நெல்மணியளவு பச்சை. கற்பிட்டி மணலில் குந்தியிருந்த ராத்தா அதை உள்ளங்கையில் ஏந்திக் கேட்டார்: “இது உசிரோடதான் கிடக்கா, மிஸ்?”

இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் புதிதாக நியமனம் பெற்ற விவசாயப் போதனாசிரியை. ராத்தா, அதாவது அக்கா, என்று எல்லோரும் கூப்பிட்ட அவர் தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் போகத்துக்கு நான் ஒரு புதிய இனத்தைக் கொண்டுபோய், அதன் நற்குணங்களை எழுதிவைத்து வாசித்தேன்: கடுஞ்சிவப்பு, பருத்த குமிழ், அழுகல் குறைவு, மாதக்கணக்கில் வைத்தாலும் முளைக்காது. கடைசி வரிக்கு ராத்தா சிரித்துவிட்டார். “முளைக்காதெண்டா பிறகு என்னத்துக்கு மிஸ் நடுறது? ஊறுகாய் போடவா?” கூடியிருந்த பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருடைய பழைய வெங்காயம் ஒரு வாரத்துக்குள் பச்சை காட்டும். இது பத்தாம் நாளும் காட்டவில்லை. காணிக்காரர் வேலியோரம் நின்று, “பெருநாளைக்கு முந்திப் பச்சை தெரியோணும். இல்லாட்டி காணிய வேற ஆளுக்குக் கொடுத்துருவன்” என்று சொல்லிப் போனார். ஒன்பது நாள்தான் இருந்தது. தண்ணீர், நட்ட ஆழம், பூஞ்சணம், எறும்பு என்று காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். எல்லாம் வெட்டுப்பட்ட பிறகுதான் நான் வாசித்த தாளின் கடைசி வரி உறைத்தது. கிடங்கில் முளைக்கவிடாத அதே மரபணுக்கள்தான் மணலுக்குள்ளும் மொட்டை உறங்க வைத்திருந்தன. பிடுங்கிப் பல வாரம் போனால்தான் அந்த உறக்கம் கலையும்; விதை வெங்காயம் பிடுங்கி எத்தனை நாள் என்று நான் கேட்கவேயில்லை.

மறுநாள் ஒன்றைத் தோண்டிப் பிளந்தேன். ராத்தாவின் வெங்காயத்தில் நாலைந்து மொட்டு இருக்கும். இதில் ஒன்றே ஒன்று. அதைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் ராத்தா அப்படிக் கேட்டார்.

“உசிரோடதான், ராத்தா. நித்திரையில கிடக்கு. தலையை அரிஞ்சு நட்டா எழும்பும் எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறீங்களா?”

வெட்டுவாயால் அழுகல் ஏறினால் உள்ளதும் போகும் என்று சொன்னேன். அவர் கத்தியை எடுத்து வந்தார். பிள்ளைகளோடு நாலு பாத்தியைத் தோண்டி, அரிந்து, திரும்ப நட்டோம். ஐந்தாவது பாத்தியில் அவர் கை நின்றது. “மிச்சம் கிடக்கட்டும் மிஸ். எல்லாம் அழுகினா நான் எங்க போறது?”

பெருநாளுக்கு முதல்நாள் அந்த நாலு பாத்தியில் மட்டும் ஊசி ஊசியாகப் பச்சை. காணிக்காரர் அந்தத் துண்டை மட்டும் ராத்தாவுக்கு விட்டுவிட்டு மீதிக் காணியை எடுத்துக்கொண்டார். “அடுத்த தரம் முளைக்கிறதாப் பாத்துக் கொண்டுவாங்க மிஸ்” என்றார் ராத்தா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இன்று என் வேலை ஆய்வுகூடத்தில். மொட்டுகளை உறங்கவைக்கும் மரபணுக்களின் பெயர்கள் எனக்குப் பாடம். புதிய இனம் ஒன்று வந்தால் முதலில் பிளந்துதான் பார்ப்பேன். நடுவில் அதே நெல்மணிப் பச்சை. உயிரோடிருப்பது தெரிகிறது, எப்போது எழும்பும் என்பது பார்த்துத் தெரிவதில்லை. யாரோ ஒருத்தி இதைத் தன் மணலில் நடப்போகிறாள் என்று நினைத்து, பிடுங்கிய திகதியைக் கேட்டுத் தாளின் முதல் வரியில் எழுதுகிறேன்.