இருபத்தேழு பாகம்

றோசம்மா வாழ்நாளில் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது மணி பார்க்கக் கையில் கட்டுகிற ஒரு மணிக்கூடு. அதையும் அவள் தனக்கென்று கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் கடற்றொழிலாளிக்குப் பிறந்து, கடற்றொழிலாளிக்கே வாழ்க்கைப்பட்டவள். கேட்டால் கிடைக்காது என்பதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டு, கேட்கிற பழக்கத்தையே விட்டுவிட்டவள். புருஷன் சில்வெஸ்ரர் அவளுக்கு நேர் எதிர். நாலு மீன் பிடித்தால் நாற்பது மீனுக்குக் கதை சொல்வான். இரண்டு பெண்பிள்ளைகள்.

எண்பத்தாறாம் ஆண்டில், பின்னேரம் ஐந்து மணிக்குமேல் கடலில் வள்ளம் நிற்கக் கூடாது என்று கடற்படையின் கட்டளை வந்தது. நின்றால் ரோந்துப் படகு சுடும். மீனுக்கு இந்தக் கட்டளையை யாரும் அறிவிக்கவில்லை. அது பழையபடி பொழுது சாய்கிற நேரத்தில்தான் வலைக்கு வந்தது. சில்வெஸ்ரரிடம் மணிக்கூடு இல்லை, பொழுதைப் பார்த்துத்தான் தொழில். பொழுது கொஞ்சம் சரிந்தாலே பயம் பிடித்து, மூன்று மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுவான். வெறுங்கூடையோடு வருவான். உயிரோடும் வருவான். இந்த இரண்டாவதை றோசம்மா அப்போது பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைகள் பசியில் சுருண்டு படுப்பதுதான் அவள் கண்ணை உறுத்தியது.

ஜேர்மனியில் இருந்த தங்கை கிறேசுக்குச் சொல்லி அனுப்பினாள்: அத்தானுக்கு ஒரு மணிக்கூடு வேண்டும், தண்ணீர் தாங்குகிறதாக இருக்க வேண்டும். கிறேஸ் தட்டிக்கழிக்கவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். விளையாட்டுக்காரர் கட்டுகிற மணிக்கூடு. கறுத்த றப்பர்ப் பட்டி, பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். தண்ணீர் தாங்கும், ஐம்பது மீற்றர் என்று முகத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

மீற்றர் சில்வெஸ்ரருக்குப் பிடிபடாது. அவன் கடலை அளப்பது பாகத்தில். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். ஐம்பது மீற்றர் இருபத்தேழு பாகம் வரும் என்று யாரோ படித்தவர் சொல்லிவிட, அவன் துறை முழுக்க அதைக் கொண்டு திரிந்தான்.

"எங்கட கடல் எத்தினை பாகம்? ஆறு. மிஞ்சினா ஏழு. இது இருபத்தேழு பாகம் தாங்கும். எங்கட கடல் மூண்டை ஒண்டுக்குமேலை ஒண்டு அடுக்கினாலும் இதுக்கு ஒண்டும் ஆகாது."

ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். இவன் ஆழத்தை விரல்நுனியில் வைத்திருந்தவன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்தால் துறையில் வேடிக்கைதான். தண்ணீருக்குள் மூழ்கிப் பொத்தானை அமத்துவான், மூச்சைப் பிடித்திருந்து மறுபடி அமத்துவான், எழும்பி வந்து எத்தனை நொடி மூழ்கியிருந்தான் என்று முள்ளைக் காட்டுவான். அதோடுதான் வலை இழுத்தான், அதோடுதான் தூங்கினான். ஐந்து மணிக்குச் சற்று முன்னர்தான் இப்போது கரை தொடுவான். கூடையில் மீன் இருந்தது. பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். றோசம்மா அந்த மாதங்களில் சந்தோசமாக இருந்தாள். குசினிக்குள் அடுப்படியில் தனியே நின்று சிரிக்கிற அளவுக்குச் சந்தோசமாக இருந்தாள்.

ஒருநாள் காலை மணிக்கூட்டுக் கண்ணாடியின் உட்புறம் மங்கிக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கை ஆவி பிடிச்சிருக்கு."

"அது வெக்கைக்கு. வெயிலிலை வை, போயிடும்."

வெயிலில் வைத்தாள். மத்தியானத்துக்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. இருவரும் அதை அத்தோடு மறந்தார்கள்.

கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டது. பொழுது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு நாளில், எல்லா வள்ளங்களும் பயத்தில் முன்கூட்டியே திரும்பின. கடைசியாகத் திரும்பியவன் பக்கத்து வீட்டு லியோன். கடந்து வரும்போது அவன் கூப்பிட்டானாம்: "அண்ணை, இருளுது. வலையை எடுங்கோ." சில்வெஸ்ரர் கையை உயர்த்தி மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினானாம். "நேரம் கிடக்கு. நீ போ."

றோசம்மா துறையில் நின்றாள். வெடிச்சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. விடிந்த பிறகு லியோனும் மற்றவர்களும் போய் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். சில்வெஸ்ரர் அதற்குள் கிடந்தான்.

குளிப்பாட்டும்போது அவன் கையிலிருந்து அதை அவள்தான் கழற்றினாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோயிலில் பன்னிரண்டு மணிக்கு அடிக்கிற மணி அடித்தது. மணிக்கூடு பதினொன்றைக் காட்டியது. வீடே ஒப்பாரி வைக்க, அவள் மட்டும் அழாமல் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, மணிக்கூடு திருத்துகிற அரியநாயகத்திடம் அதைக் கொண்டுபோனாள். அவர் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே உப்பும் பச்சைக் களிம்பும்.

"மனுசன் இதோடையே கடலுக்குப் போனவரோ, பிள்ளை?"

"ஓம். ஐம்பது மீற்றர் எண்டு போட்டிருக்கெல்லே."

"அது அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோகலாம் எண்டதில்லை. புதுசிலை, ஆடாத தண்ணியிலை, அந்த ஆழத்து அமத்தத்தைத் தாங்கிச்சுது எண்டு சோதிச்சுப் போடுறது. மழையிலை நனையலாம், கொஞ்சம் நீந்தலாம். வலை இழுக்கிற கைக்குக் காணாது. உப்பும் வெயிலும் உள்ளை கிடக்கிற றப்பர் வளையத்தைத் தின்னும். தண்ணிக்குள்ளை பொத்தானை அமத்திறது கதவைத் திறந்துவிடுற மாதிரி. பிறகு நிண்டு நிண்டு ஓடும். பாக்கிறவைக்கு ஓடுற மாதிரித்தான் தெரியும்."

"எங்கட கடல் ஆறு பாகம்தானே, அண்ணை."

அரியநாயகம் மூடியைப் பூட்டினார். "இருநூறு மீற்றர் எண்டு போட்டதைக் கேட்டிருக்க வேணும்," என்று மெல்லச் சொன்னார்.

வாழ்நாளில் ஒன்றைக் கேட்டாள். அதையும் கேட்கத் தெரியாமல் கேட்டாள். வீடு வரும்வரை அவளுக்கு வேறு நினைவே இல்லை.

தை மாதத்தில் லியோனின் மனைவி மரியநாயகி வந்து குசினி வாசலில் தயங்கி நின்றாள்.

"அக்கா, கிறேசிட்டைச் சொல்லி எங்கட மனுசனுக்கும் ஒரு மணிக்கூடு எடுத்துத் தருவியளோ? மூண்டு மணிக்கே வெறுங்கூடையோடை வந்து நிக்குது. பிள்ளையளுக்குக் குடுக்க ஒண்டுமில்லை."

"வரட்டும்," என்றாள் றோசம்மா. "வெறுங்கூடையோடையே வரட்டும்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வெடித்தது. இத்தனை நாளும் வராத அழுகை.

மணிக்கூடு பிந்தி ஓடியது தெரியாத மரியநாயகிக்கு முகம் சுருங்கிவிட்டது. தங்கச்சி வெளிநாட்டில் இருக்கிற திமிர் என்று முணுமுணுத்தபடி படலையைச் சாத்திக்கொண்டு போனாள். போன வருசம் இதே பதிலை யாராவது சொல்லியிருந்தால், றோசம்மாவும் அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு போயிருப்பாள்.