கேட் பாஸ் கேட்டு அரியலூருக்கு ஒரு பயணம்

ஆறு வருடமாகச் சிறைக்குள் வெல்டிங் வகுப்பு எடுக்கிறேன். படித்தவர்கள் வெளியே போய் என்ன ஆனார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுத்ததோடு சரி. முதல் வருடம் என்னிடம் படித்த செல்வம் போன வாரம் போன் செய்தான். "சார், சிமெண்ட் ஆலையில ஷட்டவுன் வேலை வருது. கேட் பாஸுக்கு நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்" என்றான். அதற்குத்தான் வியாழக்கிழமை கிளம்பினேன். பழைய மாணவர்களைப் பார்க்கப் போக நினைக்கும் பயிற்சியாளர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

செல்வம் இருப்பது பெரம்பலூரில். அவனைக் கூட்டிக்கொண்டு போவதற்காகக் காலை ஆறரைக்குத் திருச்சியில் சென்னை வண்டி ஏறினேன். டிக்கெட் கேட்டபிறகுதான் கண்டக்டர், பெரம்பலூரில் பைபாஸோடு சரி, ஊருக்குள் போகாது என்றார். கேட்டு ஏறுங்கள். பாடாலூர் தாண்டியும் எனக்குக் கோபம் தீரவில்லை. அறுபது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம்.

செல்வம் பெரம்பலூர் நாலு ரோட்டில் காத்திருந்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. வெளியே வந்து ஐந்து வருடம், ஒரு வம்பு வழக்கு கிடையாது. ஆனால் பட்டறையில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருக்கிறது. ஷட்டவுன் என்றால் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்கள். அதில் நன்றாகச் செய்தால் ஒப்பந்தக்காரரிடம் நிரந்தரமாகச் சேரலாம். நிரந்தர வேலை கிடைத்தால், மகளோடு திருமானூரில் தாய்வீட்டில் இருக்கும் மனைவி திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அங்கிருந்து இருவரும் அரியலூர் பஸ் ஏறினோம், முப்பது கிலோமீட்டர். அதை ஒரு மணி நேரம் உருட்டினார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி அப்பிவிடும், ஜன்னல் சீட் வேண்டாம். அரியலூரிலிருந்து ஆலைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். "ஷட்டவுனுக்கா? வெல்டர் கெடைக்காம திண்டாடுறாங்களே" என்றார் ஆட்டோக்காரர். செல்வம் அப்போதுதான் கொஞ்சம் சிரித்தான்.

ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்தார். செல்வத்திடம் இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுத்து ஒட்டச் சொன்னார். சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "வேலையில குறையே சொல்ல முடியாதுங்க சார். ஆனா போலீஸ் வெரிஃபிகேஷன்ல பழைய கேஸு வந்துடுதே. கேட்ல விடமாட்டாங்க" என்றார்.

தண்டனைதான் முடிந்துவிட்டதே, தொழில் கற்றுக்கொடுத்ததே அரசாங்கம்தானே என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கோவப்படாதீங்க சார்" என்றவர் செல்வத்தின் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தம்பி, மச்சான் கிச்சான் யாராச்சும் இருந்தா அவன் ஆதார்ல வந்துடு. ஜாடை ஒத்துப்போனா போதும், நான் பாத்துக்கறேன்."

உதவி செய்கிற மாதிரிதான் சொன்னார். சொந்தப் பேரோடு வந்து நிற்கிறவனுக்கு வழி இல்லை, ஆள்மாறாட்டம் செய்கிறவனுக்கு உண்டு. இதற்கா ஒருவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, திருந்தி வாழச் சொல்லி அனுப்புகிறோம்?

செல்வம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். யோசிக்கிறான் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் வந்தது. பிறகு எழுந்தான்.

"வேணாங்க. மாட்டுனா மறுபடி அங்கதான் போவணும்."

நீங்கள் போவதானால் காலையிலேயே போங்கள், பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. தண்ணீரும் மூக்குக்குக் கட்ட ஒரு துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டனை முடிந்து வந்தவனை உள்ளே விடுவீர்களா என்று வகுப்பு தொடங்கும் முன்பே ஆலைகளில் கேளுங்கள். திட்டம் போட்டவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அவர்கள் ஏசி அறையை விட்டு இறங்கியிருந்தால்தானே.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றான் செல்வம்.

"அடுத்த பேட்சுக்கு வெல்டிங் நல்லா சொல்லிக் குடுங்க சார். வேலை கெடைக்கும்னு மட்டும் சொல்லிடாதீங்க."

புது வகுப்பு திங்கட்கிழமை. முப்பது பேர் வந்து உட்காருவார்கள். அதைச் சொல்லாமல் அவர்களிடம் வேறென்ன சொல்லித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.