பஸ்ரியன் பெயருக்குக் கீழே

அன்ரனெற் அக்காவும் நானும் டவுண்டவுனில் ஒரு மியூசியத்தில் காவல் வேலை செய்கிறோம். எனக்கு நாணயங்கள் இருக்கிற அறை, அக்காவுக்கு ரோமர்களின் கல்லறைக் கற்கள். மன்னாரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து செத்தவைக்குக் காவல் நிக்கிறீங்களே என்று பகிடி பண்ணுவேன். அவ சிரிக்கமாட்டா. அங்கே ஒரு கல்லில் அவவுக்குத் தனிப் பிரியம். போருக்குப் போய்த் திரும்பாத கணவனுக்காக ஒருத்தி நிறுத்தியது. உயிரோடு இருக்கும்போதே தன் பெயரையும் பக்கத்தில் வெட்டுவித்தாள். எலும்பாவது வந்தால் வைக்க இடமிருக்கிறது என்றும் எழுதுவித்தாள்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்கா தங்களுக்கும் ஒரு கல் சொல்லிவைத்தா. நான் சைவக்காரி, எங்களுக்குக் கல்லறை வழக்கமில்லை. உயிரோடு இருக்கிறவரின் பெயரைக் கல்லில் வெட்டுவதா என்று தடுத்துப் பார்த்தேன். அவ கேட்கவில்லை. தன் பெயர், பக்கத்தில் கணவர் பஸ்ரியன் அண்ணையின் பெயர். 2009இல் ஊரில் போர் முடிந்த கிழமை ஆமிக்காரர் அவரை ஒரு பஸ்சில் ஏற்றினார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா இன்றைக்கும் தாலியைக் கழற்றவில்லை.

போன வியாழன் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் மகன் டெனிஸ்டன் கல்லில் வெட்டப்போகிற எழுத்துகளின் படத்தை அவவின் போனுக்கு அனுப்பினான். இன்றைக்கே வெட்டுகிறார்களாம். அண்ணையின் பெயருக்குக் கீழே, இறந்த ஆண்டு 2009. வீட்டில் எல்லாரும் அந்த ஆண்டையே சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதையே கொடுத்துவிட்டான்.

"என்ர கல்லிலயே அவரைச் சாகடிக்கப் போறான்," என்றா அக்கா. சாப்பாட்டுப் பெட்டியை மூடவும் இல்லை.

என் காரில் எற்றோபிக்கோவில் இருக்கிற கல் வெட்டும் கடைக்கு ஓடினோம். மகனும் போனை எடுக்கவில்லை, கடையும் எடுக்கவில்லை. ஹைவேயில் ஒரு வாகனமும் அசையவில்லை. எனக்கு டெனிஸ்டன்மேல் கெட்ட கோபம். அக்கா தாலியைப் பிடித்தபடி செபம் சொன்னா.

பட்டறைக்குள் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. கல்லின்மேல் ரப்பர் ஒட்டி, எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, மணலைப் பீச்சி அடிக்கிறார்கள். அக்கா நேரே போய்க் குறுக்கே நின்றுவிட்டா. கல் வெட்டுகிறவன் மெஷினை நிறுத்திவிட்டு ஏசினான்.

அண்ணையின் பெயருக்குக் கீழே 2 விழுந்திருந்தது. பக்கத்தில் 0. மற்ற இரண்டும் இன்னும் விழவில்லை.

டெனிஸ்டன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். "அம்மா, அப்பா இனி வரமாட்டார். எனக்குப் பூ வைக்க ஒரு இடம் வேணும்."

"பூவை வை. ஆர் வேண்டாமெண்டது? ஆண்டை மட்டும் நீ சொல்லாத."

வெட்டினதை அழிக்க முடியாது, புதுக் கல்தான் எடுக்கவேண்டும் என்றான் கல் வெட்டுகிறவன். அக்கா அந்த இரண்டு இலக்கங்களையும் விரலால் தடவினா.

"உது இருக்கட்டும். என்ர பேருக்குக் கீழயும் உப்பிடியே இருபது மட்டும் வெட்டச் சொல்லு. மிச்சத்தை ரெண்டு பேருக்கும் பிறகு பாப்பம்."

டெனிஸ்டன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். கடைசியில் அதை அந்த மனிதனுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னது நான்தான்.